சியோல் நகரத்துச் சமபந்தி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

நம் கல்லூரியில் இந்த ஆண்டு அடிக்கடி காதில் விழும் பேச்சுகளுள் ஒன்று 'கொரியச் சாப்பாடு'. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது கொரியத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியவர்கள் இன்னும் விட்டபாடில்லை. தொடரில் கதாநாயகன் உண்டதைத் தானும் உண்டு பார்க்க வேண்டும் என்பது ஒரு சாராரின் ஆசை. சென்னைக்குப் போய் அதை உண்டு, படமும் பிடித்து வந்து காட்டுவது அவர்களுக்குப் பெருமை. "கண்டதையும் தின்கிறவர்கள் சாப்பாடு நமக்கு எதற்கு?" என்பது மற்றொரு சாராரின் ஏளனம். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று மூன்றாவது கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உணவு விடுதி என்பது நாக்கின் சங்கதி மட்டுமன்று. யார் யாரோடு உட்கார்ந்து உண்ணலாம் என்ற கேள்விக்கு ஒரு சமூகம் தரும் விடை அது. கொரிய மக்கள் அந்த விடையை எளிதில் எழுதிவிடவில்லை. பசியோடும் பிறப்பு வேற்றுமையோடும் போராடித்தான் எழுதினார்கள். அதைப் படிக்காமல் படம் பிடிப்பவரும், படிக்காமலே முகம் சுளிப்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து.

மேசையில் இருப்பவை

தலைநகரமான சியோலில் உணவு விடுதிகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளே போய் உட்கார்ந்து ஏதேனும் ஒன்றைச் சொன்னால் போதும். கேட்காமலே சிறு சிறு கிண்ணங்கள் வந்துவிடும். புளிக்க வைத்த கோசான கிம்ச்சி, முளைவிட்ட பயறு, வதக்கிய கீரை, முள்ளங்கி, நெத்திலிக் கருவாடு என்று தொடுகறிகள் வரிசையாக இருக்கும். இவற்றுக்குப் 'பன்சான்' என்று பெயர். நம் வாழையிலையில் கூட்டும் பொரியலும் ஊறுகாயும் வருவதில்லையா, அதுபோல. பெரும்பாலான கடைகளில் இவற்றுக்குத் தனி விலை கிடையாது. தீர்ந்தால் மறுபடியும் கேட்கலாம்.

சோறு ஆளுக்கொரு கிண்ணம். குழம்போ மேசையின் நடுவில் சட்டியோடு கொதித்துக்கொண்டிருக்கும். இறைச்சி வாட்டித் தின்னும் கடைகளில் அடுப்பே மேசையின் நடுவில்தான் இருக்கும். வெந்ததைக் கத்தரிக்கோலால் நறுக்கி, ஒரு கீரை இலையில் வைத்து, பூண்டும் விழுதும் சேர்த்து மடித்து, ஒரே வாயில் போட்டுக்கொள்வார்கள். அன்பு மிகுந்தால் பக்கத்தில் இருப்பவர் வாயில் ஊட்டிவிடுவதும் உண்டு.

பரிமாறும் அம்மையாரை 'இமோ' என்று அழைப்பார்கள். இமோ என்றால் தாயுடன் பிறந்தவள். நம் ஊர்ப் பெரியம்மா, சித்தி. நாம் மெஸ்ஸில் "அக்கா, கொஞ்சம் ரசம்!" என்று குரல் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? "சாப்பிட்டாயா?" என்று கேட்பதே நலம் விசாரிப்பதாக இருப்பது நம் வழக்கம் மட்டுமன்று, அவர்கள் வழக்கமும் அதுவே.

குச்சி பிடிக்கத் தெரியாதே என்று கூசும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. கொரியர்கள் சோற்றை உண்பது நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால்தான். குச்சி பெரும்பாலும் தொடுகறி எடுப்பதற்கு. ஆகவே கூச்சத்தை விட்டுவிடலாம்.

கிண்ணத்தின் கதை

அந்தச் சோற்றுக் கிண்ணத்தைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும். மூடியுள்ள சிறிய எவர்சில்வர் கிண்ணம். அழகுக்காக வந்த அளவன்று அது. 1976ஆம் ஆண்டில் சியோல் நகர நிர்வாகம், உணவு விடுதிகளில் சோறு போடும் கிண்ணம் 10.5 சென்டிமீட்டர் குறுக்களவும் 6 சென்டிமீட்டர் உயரமும் உடையதாக இருக்க வேண்டும் என்று விதித்தது. மீறினால் கடையை மூடும் தண்டனை. ஏன்? அரிசி போதவில்லை!

1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அந்த மண்ணின் நெல் கப்பலேறி ஜப்பானுக்குப் போயிற்று. 1950 முதல் 1953 வரை நடந்த போர் நாட்டைச் சுடுகாடாக்கியது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அரிசிப் பஞ்சம் தீரவில்லை. 1969இல் அரசு ஒரு கட்டளை பிறப்பித்தது. புதன், சனி ஆகிய இரு நாள்களில் பகல் 11 மணி முதல் மாலை 5 மணி வரை உணவு விடுதிகளில் அரிசிச் சோறு விற்கக் கூடாது! பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் பிள்ளைகளின் சோற்றுப் பெட்டியைத் திறந்து, வாற்கோதுமை கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்று உலகமெங்கும் கார்களையும் கைபேசிகளையும் விற்கும் நாட்டின் நிலைமை அன்று இதுதான்.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பஞ்சம் தீர்ந்ததில் ஒரு நெல் ரகத்துக்குப் பங்குண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில், வெப்ப நாட்டு நெல்லான ஐ.ஆர்.8 உடன் குளிர்நாட்டு நெல் இனத்தைக் கலந்து ஒரு ரகத்தை உருவாக்கினார்கள். 'மீண்டும் ஒன்றாதல்' என்னும் பொருளில் அதற்குத் 'தோங்கில்' என்று பெயரிட்டார்கள். 1972 முதல் அது பெருமளவில் பயிராயிற்று; 1977இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. ஆனால் மக்களுக்கு அதன் சுவை பிடிக்கவில்லை. அவர்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டும் சோறு வேண்டும். இதுவோ உதிரியாக நின்றது. 1980ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் அது சேதமடைந்த பின் மெல்ல மெல்ல வயலைவிட்டுப் போயிற்று. இதே கலப்பு உத்தியில் உருவாகி, 1960களில் தஞ்சை வயல்களுக்கு வந்த ஆடுதுறை 27ஐ நம் பேராசிரியர்கள் வகுப்பில் நடத்தியிருக்கிறார்கள். என் பாட்டி இன்றும் ஒரு பருக்கை தரையில் விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அரிசிக்கு வரிசையில் நின்றவள் அவள். சியோல் கிண்ணத்தின் கதையைச் சொன்னபோது அவள் சிறிதும் வியக்கவில்லை. "பசிக்கு எந்த ஊரா இருந்தா என்னடா?" என்றாள்.

ஒரே சட்டியில் பல கரண்டி

இனி அந்த நடுச்சட்டிக்கு வருவோம். நான்கு பேர் தத்தம் கரண்டியை ஒரே சட்டியில் விட்டு உண்பதைத் தொடரில் கண்டு, "ஐயே, எச்சில்!" என்று சொன்ன நண்பர்கள் நம்மிடையே உண்டு. உடல்நலக் கண்ணோட்டத்தில் அது சரியான கேள்வியே. பெருந்தொற்றுக்குப் பிறகு அங்கேயும் தனி அகப்பையும் தனிக் கிண்ணமும் பரவலாகிவிட்டன. ஆனால் நம் நாட்டில் 'எச்சில்' என்ற சொல்லுக்குள் கிருமி மட்டுமா இருக்கிறது? பிறப்பும் அல்லவா ஒளிந்திருக்கிறது!

கொரியாவிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. மன்னராட்சிக் காலத்தில் உயர்குடி ஆடவருக்கு ஆளுக்கொரு குட்டி மேசையில் தனித்தனியே உணவு வந்தது. பெண்கள் வேறிடத்தில், ஆடவர்க்குப் பின்னால் உண்டார்கள். எல்லாருக்கும் கீழே வைக்கப்பட்டிருந்தவர்கள் 'பெக்ஜோங்' என்னும் பிரிவினர். மாடு அறுப்பதும், தோல் பதனிடுவதும், கூடை முடைவதும் அவர்கள் தொழில். ஊருக்கு வெளியே குடியிருப்பு. வயதில் இளையவர்முன்கூடப் பணிந்து நிற்க வேண்டிய நிலை. இது எந்த நாட்டுக் கதை என்று எனக்கே சில வேளை ஐயம் வந்துவிடுகிறது.

1894இல் சட்டம் அந்த வேற்றுமையை ஒழித்தது; மனம் ஒழிக்கவில்லை. 1920களில் சியோலில் மாட்டெலும்பைக் கொதிக்க வைத்துச் செய்யும் 'சொல்லோங்டாங்' என்ற சூப்பு பேர்பெற்று விளங்கியது. கூலிக்காரன் முதல் கனவான் வரை அதை விரும்பினார்கள். ஆனால் அத்தகைய கடைகளை நடத்தியவர்களுள் இறைச்சி அறுக்கும் மரபினர் பலர் இருந்தார்கள். ஆகவே உயர்குடியினர் கடையில் போய் உட்கார வெட்கப்பட்டு, ஆள் அனுப்பி வீட்டுக்கு வரவழைத்து உண்டார்கள். சுவை வேண்டும்; சமைத்தவன் பக்கத்தில் உட்காரக் கூடாது! 1924இல் ஹியோன் ஜின்கோன் என்ற எழுத்தாளர் 'அதிர்ஷ்டமான நாள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுகதை எழுதினார். அதில் வரும் ரிக்ஷாக்காரன் நோயாளி மனைவி ஆசைப்பட்ட அந்தச் சூப்பை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது அவள் இறந்து கிடக்கிறாள். ஏழையின் கைக்கு எட்டிய ஒரே விருந்து அந்தச் சூப்புதான் என்பதை அறிந்தால் கதையின் வலி நமக்கும் புரியும்.

பெக்ஜோங் மக்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். அந்த அவமானமும் சேர்ந்துதான் 1923ஆம் ஆண்டு ஏப்ரலில், ஜின்ஜு என்ற நகரில் அவர்களை ஓர் இயக்கமாகத் திரட்டியது. தங்கள் சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் 'தராசின் சமநிலை'. கறி நிறுக்கும் தராசையே கொடியாக உயர்த்தியது போன்ற பெயர்! இறைச்சி நிறுத்தவனைப் பார்த்து ஊர் சிரித்தது. அவனோ, "என் தராசில் எல்லா மனிதரும் ஒரே எடை" என்று சொல்வதுபோல நிமிர்ந்து நின்றான்.

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே, பள்ளிக்கூட வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட அந்தக் குழந்தைகளைப் பற்றிப் படித்தபோது அது எனக்கு அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை.

இன்று சியோல் மட்டுமா, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் போன்ற பெருநகரங்களிலும் கொரிய இறைச்சி விடுதிகளில் இடம் பிடிக்கக் காத்து நிற்கிறார்கள். 'பெக்ஜோங்' என்ற சொல்லையே பெயர்ப் பலகையில் பெருமையாக எழுதிய விடுதிகள் அமெரிக்காவில் இருக்கின்றன! நேற்று வசைச்சொல், இன்று விளம்பரச் சொல். தீட்டு என்று விலக்கப்பட்ட கைகளின் தொழில்தான் இன்று அந்த நாட்டின் விருந்தாக உலகை வலம் வருகிறது. நடுவே சட்டி வைத்து எல்லாரும் சூழ்ந்து உண்ணும் வழக்கம் உணவு விடுதிகளில் வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டில்தான். மேசை மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் பந்தியின் கதை

நமக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு, நாம்தான் மறந்துவிடுகிறோம். தென்னாட்டு இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம் என்று இருந்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 1941இல்தான் அது நீங்கியது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி, மதம், பிறந்த இடம் முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்று நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருந்தும் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், ஓர் உணவு விடுதிப் பலகையில் இருந்த சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் வந்த மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் வயிற்றுக்குச் சோறு போட்டன. அத்தோடு நின்றனவா? தெருவில் ஒன்றாக நிற்காத பிள்ளைகளை ஒரே வரிசையில் தட்டேந்தி உட்கார வைத்தன. நானும் அந்த வரிசையில் உட்கார்ந்து உண்டு வளர்ந்தவன்தான்.

சென்னைக்கு வந்த மேசை

கொரிய உணவு சென்னைக்கு வந்தது தொடர்களால் அன்று. 1996இல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் காலூன்றியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து அதன் முதல் கார் வெளிவந்தது. அதனோடு உதிரிபாகத் தொழிற்சாலைகளும் கொரியக் குடும்பங்களும் வந்தன. அவர்களின் பசிக்காகக் கொரிய விடுதிகள் வந்தன.

என் தாய்மாமன் திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். சென்ற ஆண்டு போனஸ் வந்தபோது என்னை அப்படி ஒரு விடுதிக்கு அழைத்துப் போனார். கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே எனக்குக் கால் தயங்கியது. நம் போன்றவர்க்குப் பெருநகர விடுதிகளில் உள்ள தடை காரமோ புளிப்போ அன்று. எங்கே உட்காருவது, எப்படிக் கேட்பது, எவன் சிரிப்பான் என்ற அச்சமே தடை. உள்ளே கொரியர் சிலரும் சென்னைக் கல்லூரி மாணவிகள் சிலரும் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தார்கள். மாமா அந்த எவர்சில்வர் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னடா மாப்ளே, நம்ம வீட்டுக் கிண்ணம் மாதிரியே இருக்கு!" என்றார். கிம்ச்சியைத் தின்றதும், "நம்ம பழையசோத்துக்கு இது நல்லாப் பொருந்தும்" என்றார். பழையசோற்றைப் புளிக்க வைப்பதும் கிம்ச்சியைப் புளிக்க வைப்பதும் லாக்டிக் அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள்தாம் என்று நான் அவருக்கு விளக்கினேன். படித்த படிப்பு மாமாவுக்குப் பயன்பட்டது அன்றுதான்!

குறைகளும் உண்டு

நான் அந்த மேசையைக் கோயிலாக்க வரவில்லை. சியோலில் அலுவலகம் முடிந்ததும் மேலதிகாரி அழைக்கும் கூட்டு விருந்துக்கு வர மறுப்பது எளிதன்று என்று அங்குள்ள இளைஞர்களே குறைப்படுகிறார்கள். மூத்தவர் கரண்டியை எடுக்கும்வரை இளையவர் காத்திருக்க வேண்டும் என்பது மரியாதைதான். அதுவே அதிகாரமாகிவிட்டால் விருந்து கசக்கும். பல இறைச்சி விடுதிகளில் இருவருக்குக் குறைந்து கேட்டால் தரமாட்டார்கள். தனியாக வந்தவன் வாடிய முகத்தோடு திரும்ப வேண்டும். தனியே உண்பதற்கென்றே அங்கே ஒரு புதுச்சொல் பிறந்திருக்கிறது. கூட்டமாக உண்பது ஒன்றே சமத்துவமாகிவிடாது என்பதற்கு இது பாடம்.

விலையும் ஒரு குறைதான். சென்னையில் மாமா அன்று கொடுத்த பணம் எங்கள் வீட்டு ஒரு வாரக் காய்கறிச் செலவுக்கு மேல். சாதி நுழையாத இடத்தில் காசு காவல் நிற்கிறது. ஆகவே அங்கே போகாத நண்பனைப் 'பட்டிக்காடு' என்று கேலி செய்வது பண்பாகாது. கடன் வாங்கிப் போய்ப் பாதியைத் தட்டில் விட்டு வருவது, கிண்ணத்தை அளந்து சோறு போட்ட அந்த நாட்டு வரலாற்றையே அவமதிப்பது.

ஏளனம் செய்வோரிடமும் ஒன்று கேட்பேன். நாய்க்கறியைச் சொல்லித்தானே சிரிக்கிறீர்கள்? அதற்கான வளர்ப்பையும் விற்பனையையும் 2027 முதல் தடை செய்யும் சட்டத்தை 2024 ஜனவரியில் கொரிய நாடாளுமன்றமே நிறைவேற்றிவிட்டது. தம் பழக்கத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் துணிவு அவர்களுக்கு இருக்கிறது. அடுத்தவன் தட்டைப் பார்த்து மூக்கைப் பிடிக்கும் நம் பழக்கத்தை நாம் எப்போது திருத்தப் போகிறோம்?

நாம் செய்யத்தக்கது

பகல் ஒரு மணிக்கு நம் வளாகத்து வேப்பமர நிழல்களைப் பாருங்கள். இந்த மரத்தடியில் இந்தத் தெருக்காரர், அந்த மரத்தடியில் அந்தத் தெருக்காரர். எவரும் எழுதி வைத்த விதி இல்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். சிலருடைய சோற்றுப் பெட்டிக்குள் எல்லாக் கைகளும் நுழைகின்றன. சிலருடைய பெட்டிக்குள் எந்தக் கையும் நுழைவதில்லை. "எனக்கு இன்றைக்கு வயிறு சரியில்லை" என்று சிரித்துக்கொண்டே மறுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயிறு அப்படி ஆள் பார்த்தா கெட்டுப்போகும்? ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்கிறோம். ஒரே குழம்பில் கை வைக்கத் தயங்குகிறோம்.

சியோலுக்குப் போக விமானச் சீட்டு வேண்டும். சென்னை விடுதிக்குப் போகப் பணம் வேண்டும். வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவதற்கு எதுவும் வேண்டாம். மனம் ஒன்று போதும். மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. மாதத்தில் ஒரு நாள் எல்லாத் துறையினரும் கொண்டு வந்த சோற்றையும் குழம்பையும் பொதுவில் வைத்து, கலந்து உட்கார்ந்து உண்போம். பேராசிரியப் பெருமக்களும் எங்களோடு அமர வேண்டும். பட்டம் பெறுவதற்கு மூன்றாண்டு ஆகும். பக்கத்தில் இருப்பவன் பெட்டியிலிருந்து ஒரு கவளம் எடுத்து உண்பதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியைக் கடக்காத பட்டப்படிப்பால் நாட்டுக்கு என்ன பயன்?